மன்னாரில் காற்றாலை அனுமதி: ஊரில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

காற்றாலைக்கு அனுமதி கொடுப்பது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னாலே எங்கள் மன்னார்த் தீவில் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கோயில் முற்றத்தில், மீன் ஏலம் கூறும் இடத்தில், பிரதேச செயலக வாசலில் என்று பல இடங்களில் இவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். சிலருக்குக் கடிதம் எழுதவும் உதவியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

கருத்துக் கேட்கிறோம் என்கிறார்கள். இது வாக்குப் போடுகிற மாதிரியா?

இல்லை. வாக்கெடுப்பில் தலைகளை எண்ணுவார்கள், இதில் எண்ணுவதில்லை. அந்த இடத்தை அறிந்தவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் அதிகாரி முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் படி இது. ஊரே எதிர்த்தாலும் அனுமதி வரலாம். ஒரே ஒருவர் எழுதிய கடிதத்தால் சில காற்றாலைக் கோபுரங்களின் இடம் மாறவும் செய்யலாம்.

அப்படியென்றால் எழுதி என்ன பயன் என்று உடனே கேட்பார்கள். எழுதியது கோப்பில் ஏறுகிறது. நாளைக்கு வழக்கென்று போனால் நீதிமன்றம் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். மழைத்தண்ணீர் எந்த வழியால் கடலுக்குப் போகிறது என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால், அது எங்களுக்குத் தெரியாது என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாது.

ஒரு காற்றாலைக்கு எத்தனை இடத்தில் அனுமதி எடுக்க வேண்டும்? எங்கே எழுதுவது என்றே தெரியவில்லை.

குழப்பம் நியாயமானதுதான், கதவுகள் பல. காற்று வளத்தைப் பயன்படுத்த இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபையின் அனுமதி வேண்டும், அதற்கு 2007-இன் 35-ஆம் இலக்கச் சட்டம். சுற்றாடல் அங்கீகாரம் பெரும்பாலும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் கையில், அதற்கு 1980-இன் 47-ஆம் இலக்கச் சட்டம். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களமும் வரும். மின்சாரத்தை விற்கக் கொள்வனவு ஒப்பந்தம் வேண்டும். அதை இலங்கை மின்சார சபை செய்துவந்தது. 2024 சட்டத்தின்படி சபை கம்பனிகளாகப் பிரிக்கப்படுவதால் இப்போது வேறு பெயர்ப்பலகை இருக்கலாம். மின்சாரம் உற்பத்தி செய்யும் உரிமத்தைக் கொடுப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு.

ஆகவே எழுதுவதற்கு முன்பு இந்த அறிவித்தல் யாருடையது என்று பாருங்கள். பறவை, தண்ணீர், கரைவலை இழுக்கும் இடமான பாடு, வீட்டுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான தூரம் எல்லாம் சுற்றாடல் அதிகார சபைக்கு. மின்சார விலை, கம்பனியின் தகுதி, மின் கட்டமைப்பு எல்லாம் ஆணைக்குழுவுக்கு. உரிமத்துக்குக் கருத்துக் கேட்டபோது வெளிநாட்டுப் பறவைகளைப் பற்றி மட்டும் பத்துப் பக்கம் எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல கடிதம், ஆனால் தவறான கதவு. சந்தேகமாக இருந்தால் இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள், ஒரு முத்திரைச் செலவுதான் கூடும்.

அறிவித்தல் எங்கே போடுவார்கள்? எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே எழுதும் அறிக்கை என்றால், அரச வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிக்கொரு பத்திரிகையிலும் அறிவித்தல் வர வேண்டும். அன்றிலிருந்து கருத்துச் சொல்லச் சட்டம் தரும் காலம் 30 நாள். கடைசித் தேதி அறிவித்தலிலேயே இருக்கும், அதையே நம்புங்கள். அறிக்கையின் பிரதி பிரதேச செயலகம், பிரதேச சபை போன்ற இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆணைக்குழு தன் அறிவித்தல்களை இணையத்தளத்திலும் போடும்.

சட்டப்படி இது போதும். ஆனால் அதிகாலையில் கடலுக்குப் போய், மத்தியானம் வலை பிரித்துவிட்டு வருகிறவர் வர்த்தமானி பார்ப்பாரா? மாட்டார். அதனால் ஊரில் இரண்டு பேரை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஒருவர், பத்திரிகை வாங்கும் ஆசிரியர் ஒருவர். அறிவித்தலைக் கண்ட அன்றே படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் சத்தமாக வாசித்துவிட வேண்டும். 30 நாளில் 20 நாள் தெரியாமலே போய்விடுவதுதான் எங்கள் பெரிய நட்டம்.

தமிழில் எழுதலாமா? கையெழுத்தில் எழுதினால் எடுப்பார்களா?

தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கையால் எழுதினாலும் செல்லும். பெயர், ஊர், திகதி, கையொப்பம், எந்த அறிவித்தலுக்கான கருத்து என்பது, இவை தெளிவாக இருக்க வேண்டும். பதிவுத்தபாலில் போடுங்கள்.

எனக்குக் காணியும் இல்லை, படிப்பும் இல்லை. நான் எழுதினால் யார் மதிப்பார்கள்?

பொதுமக்களில் யாரும் எழுதலாம் என்பதுதான் சட்டம். காணி உறுதி இருக்க வேண்டும் என்றோ, இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்றோ இல்லை. கொழும்பில் இருப்பவரும் எழுதலாம். ஆனால் கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எந்த மாதம் உக்கிரமாக அடிக்கும், எந்தப் பாட்டில் கரைவலை இழுப்பீர்கள், மீனவர் கொட்டிலான வாடியிலிருந்து கடலுக்கு எந்தத் தடத்தால் இறங்குவீர்கள் என்பவை எந்த அறிக்கையிலும் சரியாக இருக்காது. நீங்கள் சொன்னால்தான் ஏறும்.

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். எதை என்று பார்ப்பது?

முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. முதலில் வரைபடத்தை எடுங்கள். கோபுரங்களுக்கு எண் போட்டிருப்பார்கள். உங்கள் வீடு, கோயில், பள்ளிக்கூடம், வாடி, குளம், மழைத்தண்ணீர் ஓடும் வழி எல்லாவற்றையும் பென்சிலால் அதில் குறியுங்கள். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஒருமுறை பள்ளிக்கூட மேசையொன்றில் வரைபடத்தை விரித்து ஐந்தாறு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வயதான ஒரு அம்மா விரலை வைத்து, “இது வெறும் தரை என்று போட்டிருக்கு, இதால்தானே தம்பி மாரியிலை தண்ணி வழியும்” என்றார். வரைபடத்தில் அங்கே அணுகு பாதை ஒன்று போகிறது. மண் போட்டு உயர்த்தி அமைக்கும் பாதை. அறிக்கையை எழுதியவர்கள் வறண்ட காலத்தில் வந்து போயிருக்கலாம். அந்த அம்மா பிறந்ததிலிருந்து அங்கே இருக்கிறார்.

அடுத்ததாக மூன்று பகுதிகளைப் பாருங்கள். கள ஆய்வு எந்த மாதங்களில் செய்தார்கள்? வலசைப் பறவைகள் இங்கே நிற்பது ஐப்பசியிலிருந்து பங்குனி வரை. அந்தக் காலத்தில் எத்தனை நாள் பார்த்தார்கள்? மாற்று இடங்களை உண்மையாகவே ஆராய்ந்தார்களா, அல்லது ஒரு பந்தியில் முடித்துவிட்டார்களா? பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகளில் யார், எப்போது, எந்தச் செலவில் என்று இருக்கிறதா? “தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்” என்று மட்டும் இருந்தால் அந்த வரியையே எடுத்துக் கேள்வியாக எழுதுங்கள்.

தண்ணீருக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் தீவு தட்டையானது, கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயராதது. மாரி மழை வந்தால் தண்ணீர் போக வழி தேடும். ஒரு பாதையை அரை மீற்றர் உயர்த்தினாலே ஒரு பக்கம் குளமாகிவிடும்.

ஆயிரம் பேர் கையெழுத்து வைத்த மகஜர் பெரிசா, ஒரு ஆள் எழுதுகிற கடிதம் பெரிசா?

இரண்டுக்கும் வேலை வேறு. மகஜர் அரசியல்வாதிக்கு. ஆயிரம் கையெழுத்தை அவர் எண்ணிப் பார்ப்பார். அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கோ, ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் சொன்னாலும் அது ஒரு கருத்துத்தான். முதல் பதிலில் சொன்னதுபோல அவர் தலைகளை எண்ணுவதில்லை.

நேரம் குறைவென்றால் பத்துப் பேர் பத்து விஷயத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் வடிகால், ஒருவர் கரைவலை, ஒருவர் பள்ளிக்கூடத்துக்கான தூரம், ஒருவர் பனைமரங்கள். மகஜரை விட இது கனமாக இருக்கும்.

நல்ல கடிதம் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி சொல்லுங்கள்.

“எங்கள் வாழ்வாதாரம் அழிகிறது, திட்டத்தை உடனே நிறுத்து” என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லாமல் போய்விடும். இப்படி எழுதிப் பாருங்கள்: “அறிக்கையின் வரைபடத்தில் இத்தனையாம் இலக்கக் கோபுரத்துக்குப் போகும் பாதை, எங்கள் கிராமத்து மழைத்தண்ணீர் கடலுக்குப் போகும் வழியைக் குறுக்கறுக்கிறது. கார்த்திகையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். படம் இணைத்துள்ளேன். பாதைக்கு அடியில் எத்தனை மதகு, எந்த அகலத்தில் வரும் என்று அறிக்கையில் இல்லை. மதகு இல்லாமல் பாதை போட்டால் 14 வீடுகளுக்குள் தண்ணீர் வரும். இந்தப் பாதையை மாற்றுமாறும், முடியாவிட்டால் மதகின் வரைபடத்தை முதலில் காட்டுமாறும் கேட்கிறேன்.”

எந்த இடம், என்ன நடக்கும், எப்படித் தெரியும், என்ன வேண்டும் என்ற நாலும் இருந்தால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. கருத்துகளுக்குத் திட்டக்காரர் பதில் தர வேண்டும் என்பது நடைமுறை. அந்தப் பதிலும் கோப்பில் சேரும்.

பறவையைப் பற்றியெல்லாம் நாங்கள் எதற்குப் பேச வேண்டும்? எங்களுக்கு மனுசர் முக்கியம்.

மனுசர்தான் முக்கியம், சந்தேகமில்லை. ஆனால் மன்னாரைப் பொறுத்தவரை பறவை ஒரு பலமான வாதம். மத்திய ஆசியாவிலிருந்து இந்தியா வழியாக வரும் வலசைப் பாதையின் தெற்கு முனையில் நாங்கள் இருக்கிறோம். தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2010-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பாலத்தைக் கடக்கும்போது பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்காதவர் இங்கே குறைவு.

தீவின் தெற்குக் கரையில் ஏற்கெனவே தம்பபவனி காற்றாலை இருக்கிறது. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் மின்சார சபை கட்டி, 2020 டிசம்பரில் திறந்தது. 30 கோபுரம், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட். பறவைக் கூட்டம் நெருங்கினால் கண்டறிந்து சுழலியை நிறுத்தும் ராடர் ஏற்பாடு அந்தத் திட்டத்தில் வந்தது. அப்படியொரு நிபந்தனை சாத்தியம் என்பதற்கு அது சாட்சி. இன்னொன்றையும் கவனியுங்கள். காற்று பலமாக அடிப்பது வைகாசியிலிருந்து புரட்டாதி வரை, சோளகத்தில். பறவைகள் அதிகம் நிற்பது வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில். வாடையிலும் காற்று உண்டு, ஆனால் சோளகத்தின் வேகம் இல்லை. ஆகவே பறவை வரும் நாட்களில் சில மணிநேரம் நிறுத்தச் சொல்வது கம்பனிக்குத் தாங்க முடியாத நட்டம் அல்ல என்று நீங்கள் வாதாடலாம்.

மின்சார விலையைப் பற்றி எழுத எங்களுக்கு உரிமை இருக்கா?

நிச்சயமாக இருக்கிறது. கரண்ட் பில் கட்டுவது நாங்கள்தானே. விலை பற்றிக் கேள்வி கேட்டால் என்ன வெளியே வரும் என்பதற்கு எங்கள் தீவே உதாரணம். அதானி கம்பனிக்கு மன்னாரில் 250 மெகாவாட்டும் பூநகரியில் 234 மெகாவாட்டும் கொடுக்கும் திட்டம் போட்டி விலைமனு இல்லாமல் வந்தது. 2024-இல் அமைச்சரவை ஏற்ற விலை ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். பிறகு மன்னாரிலேயே 50 மெகாவாட்டுக்குப் போட்டி விலைமனு கோரியபோது உள்ளூர்க் கம்பனி ஒன்று 4.65 சதத்துக்கு வந்தது. இரண்டும் அளவிலும் நிபந்தனையிலும் ஒன்றல்ல, ஆனாலும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று கேட்பது எங்கள் வேலை. 2024 கடைசியில் வந்த புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கக் கேட்டது. 2025 பெப்ரவரியில் அதானி கம்பனி விலகிக்கொண்டது.

நாங்கள் எதிர்த்தால், கரண்டே வேண்டாம் என்கிறோமா? 2022-ஐ மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்தோம். நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எரிவதை விடக் காற்று நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2030-இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வளத்திலிருந்து வர வேண்டும் என்பது அரசின் இலக்கு, அதை நானும் விரும்புகிறேன்.

அதனால்தான் இந்தக் கடிதங்களை எழுதச் சொல்கிறேன். எந்த இடத்தில், எத்தனை கோபுரம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பேச இருக்கும் ஒரே நேரம் இதுதான். முழுத் திட்டத்தையும் ஆதரித்து, இரண்டு கோபுரத்தை மட்டும் நகர்த்தச் சொல்லியும் எழுதலாம். அப்படிப்பட்ட கடிதத்தை அதிகாரிகள் கூடுதல் கவனத்தோடு வாசிப்பதைக் கண்டிருக்கிறேன்.

250 மெகாவாட்டுக்குக் கருத்துக் கேட்டார்கள். சின்னத் திட்டங்களுக்கு ஏன் கேட்கவில்லை?

காரணம் ஒரு கோடு. புதுப்பிக்கத்தக்க மின்நிலையம் 50 மெகாவாட்டைத் தாண்டினால்தான் அது விதித்துரைக்கப்பட்ட கருத்திட்டம், அதாவது சுற்றாடல் அங்கீகாரம் கட்டாயம் என்று சட்டம் பட்டியலிட்ட திட்டம். 52 கோபுரத்தோடு வந்த அதானியின் 250 மெகாவாட் திட்டத்துக்கு 2024 தொடக்கத்தில் மதிப்பீட்டு அறிக்கை கருத்துக்கு விடப்பட்டது அதனால்தான். சரியாக 50 என்றால் “தாண்டியது” ஆகாது. சரணாலயம், கரையோர வலயம் போன்ற இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு, ஆகவே இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை மட்டும் என்று முடிவானால் 30 நாள் கருத்துக் காலம் கட்டாயமில்லை. ஆனாலும் அந்த அறிக்கை பொது ஆவணம், கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே கரையில் 20, 50 என்று துண்டு துண்டாக வந்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது எல்லாம் சின்னதாகத்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் தீவு எவ்வளவு சுமக்கிறது என்று புரியும். ஆகவே எந்தத் திட்டத்துக்கு எழுதினாலும் ஒரு வரி சேருங்கள்: “ஏற்கெனவே உள்ளதும் திட்டமிட்டதுமான எல்லாக் காற்றாலைகளின் கூட்டுப் பாதிப்பையும் மதிப்பிட்டுக் காட்டவும்.” இந்த வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

என் காணியைக் குத்தகைக்குக் கேட்டு புரோக்கர் வந்தார். கொடுத்தால் நான் சம்மதம் என்று ஆகிவிடுமா?

காணியைக் கொடுப்பது வேறு, கருத்துச் சொல்வது வேறு. கொடுத்தவரும் நிபந்தனை கேட்டு எழுதலாம். ஆனால் ஒப்பந்தத்தில் “ஆட்சேபனை இல்லை” என்றொரு வரி உள்ளே இருக்கலாம், கையொப்பம் வைக்க முன்பு சொந்தமாக ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அரசு பெர்மிட்டில் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஒரு தாளிலும் கைவைக்காதீர்கள்.

லொறியில் காற்றாலை இறக்கை வந்துவிட்டது. இனி எழுதி என்ன?

2025 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. வேறு கம்பனிகளின் காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் வரத் தொடங்கியதும் சனம் வீதிக்கு வந்தது, பாதர்மாரும் வந்தார்கள், இரவில் பாதையில் உட்கார்ந்தார்கள். அரசாங்கம் ஒரு மாதம் வேலையை நிறுத்திப் பேசியது. செப்டம்பர் கடைசியில் பொலிஸ் பாதுகாப்போடு பாகங்களைக் கொண்டுவந்தபோது மோதல் நடந்து ஆட்கள் காயப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கடனும் வாங்கியாகிவிட்டது. இறக்கை கப்பலில் ஏறிய பிறகு ஒரு கோபுரத்தை நகர்த்துவதற்கு ஆகும் செலவு, வரைபடம் பென்சிலில் இருக்கும்போது ஆகாது.

இப்போதும் எழுதலாம். அனுமதியோடு போட்ட நிபந்தனைகளை வாங்கிப் பாருங்கள், மீறியிருந்தால் திகதியோடும் படத்தோடும் முறைப்பாடு செய்யுங்கள். அடுத்த திட்டத்துக்கு அறிவித்தல் வந்த அன்றே தொடங்குங்கள்.

அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. அப்புறம் என்ன செய்வது?

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016-இன் 12-ஆம் இலக்கம். என் கருத்துக் கிடைத்ததா, அதற்குத் திட்டக்காரர் தந்த பதில் என்ன, அனுமதியின் நிபந்தனைகள் என்ன என்று மூன்றையும் கேட்டு அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

அனுமதி மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யச் சுற்றாடல் சட்டம் திட்டக்காரருக்கு வழி வைத்திருக்கிறது. அனுமதி கொடுத்ததை எதிர்க்க எங்களுக்கு அந்த வழி இல்லை, நீதிமன்றம்தான். அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் போக வேண்டும். இது பெரிய இடத்து ஆட்களுக்கு மட்டும் உரியதல்ல. எப்பாவல பொஸ்பேற் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து அந்தப் பகுதி விவசாயிகளும் ஒரு பிக்குவும் போன வழக்கில், 2000-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024-இல் மன்னார் காற்றாலைக்கு எதிராகப் போன மனுதாரர்களில் எங்கள் ஓய்வுபெற்ற ஆயரும் ஒருவர்.

சட்டத்தரணியிடம் போகும்போது அவர் முதலில் கேட்பது, கருத்துக் காலத்தில் நீங்கள் எழுதினீர்களா என்பதைத்தான். கடிதத்தின் பிரதியோடு பதிவுத்தபால் துண்டையும் சேர்த்துக் குத்தி, காணி உறுதி வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.